புத்திசாலிகளுக்கு மகிழ்ச்சி குறைவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாக வீட்டிலேயே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஃபீஸ் கட்ட வரும் அப்பா அம்மாக்கள் கணக்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும், செருப்பைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்று இன்னொன்றும் கேட்பார்கள். "பையன் நல்லா படிக்கிறான் டீச்சர், ஆனா முகத்துல சந்தோஷமே இல்ல. அறிவு ஜாஸ்தி இருந்தா இப்படித்தானா?" பிள்ளைகளும் கேட்பார்கள், வேறு வார்த்தைகளில். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால், இதுவரை என்னிடம் வந்த கேள்விகளையும், தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். அறிவு கூடினால் மகிழ்ச்சி குறையுமா?

குறையாது. தானாகக் கூடிவிடவும் செய்யாது. ஒருவருடைய அறிவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கையில் கொடுத்து, "இவர் சந்தோஷமாக இருக்கிறாரா?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "நீ புத்திசாலி" என்று அவரிடம் எந்த வயதில் சொன்னார்கள், அதை அவர் எப்படிச் சுமந்தார் என்று தெரிந்தால் கொஞ்சம் சொல்லலாம். இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான்.

யாராலும் சொல்ல முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு ஆய்வை வைத்து. 1932-ஆம் வருடம் ஜூன் 1-ஆம் தேதி, 1921-இல் பிறந்து அன்று பள்ளிக்கு வந்திருந்த கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறிவுத் தேர்வை எழுத வைத்தார்கள். மொத்தம் 87,498 பேர், பதினொரு வயதுக்காரர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை, சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரு தேசத்தின் ஒரு வயதுக் குழந்தைகள் எல்லாரும் ஒரே நாளில் ஒரே தாளில் எழுதினார்கள். அப்புறம் அந்தப் பதிவேடுகளை அநேகமாக எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

1990-களின் பிற்பகுதியில் இயன் டியரி, லாரன்ஸ் வாலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி எடுத்து, எழுதியவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். எடின்பரோ வட்டாரத்தில் 550 பேர் கிடைத்தார்கள். அப்போது அவர்களுக்கு ஏறக்குறைய எண்பது வயது. அறுபத்தெட்டு வருடத்துக்கு முன் எழுதிய அதே தேர்வை மறுபடி எழுத வைத்தார்கள். கூடவே, தங்கள் வாழ்க்கை தங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்றும் கேட்டார்கள்.

2005-இல் முடிவு வெளிவந்தது. பதினொரு வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் எண்பது வயதின் திருப்திக்கும் தொடர்பு இல்லை. எண்பதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அறிவு எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு தங்கியது என்பதற்கும் இல்லை.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எண்பது வயது வரை வாழ்ந்து, எழுந்து வந்து தேர்வு எழுதும் அளவுக்கு உடம்பு ஒத்துழைத்தவர்கள்தான் இந்தக் கணக்கில் வருகிறார்கள். இடையில் போய்ச் சேர்ந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்க வழியில்லை.

அப்படியென்றால் "ஒன்றும் தெரியாதவனுக்குக் கவலை இல்லை" என்பது சரியா?

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அது பொய்யும்கூட. இங்கிலாந்தில் 2007-இல் எடுத்த ஒரு பெரிய மனநலக் கணக்கெடுப்பில் 6,870 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். அறிவுத் தேர்வில் கீழே இருந்தவர்கள், மேலே இருந்தவர்களைவிட மகிழ்ச்சி குறைவாக இருப்பதாகவே சொன்னார்கள்.

ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது வந்த பதில்தான் முக்கியம். வருமானம், உடல்நலம், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிவது, மனநோய் அறிகுறிகள் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. அவர்களைத் துன்பப்படுத்தியது அறிவுக் குறைவு என்பதைவிட, அறிவு குறைந்தவர்களை உலகம் நடத்துகிற விதம் என்று சொல்லலாம். மெதுவாகக் கற்கிற பிள்ளையைப் பார்த்து "அவனுக்கென்ன, கவலையே இல்லாத ஜென்மம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்கும்போது அதன் காது மடல் சிவப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

மகிழ்ச்சியை எப்படி அளக்க முடியும்? அது என்ன, இரத்த அழுத்தமா?

நியாயமான கேள்வி. எட் டீனர் என்ற உளவியலாளர் 1985-இல் சகாக்களோடு சேர்ந்து ஐந்து வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். என் வாழ்க்கை நான் விரும்பியதற்குப் பக்கத்தில் இருக்கிறதா, மறுபடி வாழச் சொன்னால் எதையாவது மாற்றுவேனா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். ஸ்காட்லாந்து ஆய்வில் பயன்பட்டதும் இதுதான்.

இது வாழ்க்கையை மொத்தமாகப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு. இந்த நிமிடம் மனசு எப்படி இருக்கிறது என்பது வேறு. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாள் முழுக்க அலுத்துக்கொள்கிற என் பாட்டியைக் கேட்டால் "எனக்கென்ன குறைச்சல், நல்லா வாழ்ந்துட்டேன்" என்பாள்.

ஐ.க்யூ என்கிற அறிவுத் தேர்வு எண்ணையே நம்பலாமா?

அளவோடு. பாரிஸில் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் 1905-இல் முதல் தேர்வை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண. யார் மேதை என்று பட்டியல் போட இல்லை. அந்தத் தேர்வு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நோக்கம் தலைகீழாகிவிட்டது. படிப்பு எப்படிப் போகும் என்பதை அந்த எண் ஓரளவு நன்றாகவே சொல்கிறது. ஒரு மனிதரின் மொத்த அறிவு அதற்குள் அடங்குவதாக நான் நினைக்கவில்லை.

மேதைக் குழந்தைகள் பெரியவர்களானதும் என்ன ஆனார்கள்? யாராவது பின்தொடர்ந்து பார்த்தார்களா?

பார்த்தார்கள். இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதைத்தான்.

பினேயின் தேர்வை அமெரிக்காவுக்கு ஏற்றபடி 1916-இல் மாற்றியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன். 1921-இல் அவர் கலிஃபோர்னியா பள்ளிகளில் ஐ.க்யூ மிக அதிகமான பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தார். கடைசியில் 1,528 பேர் சேர்ந்தார்கள்: 856 பையன்கள், 672 பெண்கள். புத்திசாலிப் பிள்ளைகள் நோஞ்சான்களாக, யாரோடும் ஒட்டாதவர்களாக இருப்பார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அதை உடைத்துக் காட்ட வேண்டும் என்பது டெர்மனின் ஆசை. சில வருடங்களுக்கு ஒரு தடவை அவர்களுக்கு கேள்வித்தாள் போகும். 1956-இல் டெர்மன் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. பத்து வயதில் சேர்ந்தவர்கள் எண்பது வயதிலும் பதில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

டெர்மன் நம்பியபடியே அவர்கள் உடம்பும் மனசும் சராசரிக்குக் குறையாமல்தான் இருந்தார்கள். பலர் நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போனார்கள். ஆனால் அவர் எதிர்பார்த்த மாமேதைகள் அந்தக் கூட்டத்திலிருந்து வரவில்லை. மதிப்பெண் போதவில்லை என்று வெளியே விடப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பிற்பாடு 1956-இலும் 1968-இலும் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

டெர்மனோடு வேலை செய்த மெலிட்டா ஓடன் 1968-இல் ஒரு ஒப்பீடு வெளியிட்டார். அந்த ஆண்களில் தொழிலில் மிக உயர்ந்த 100 பேர் ஒரு பக்கம், மிகவும் பின்தங்கிய 100 பேர் மறுபக்கம். இரண்டு கூட்டத்துக்கும் ஐ.க்யூவில் பெரிய வித்தியாசமே இல்லை. எடுத்த காரியத்தை விடாமல் செய்வது, தன்னம்பிக்கை, வளர்ந்த வீட்டுச் சூழல் இவற்றில்தான் வித்தியாசம் இருந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ராபர்ட் சியர்ஸ் சிறுவனாக அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர். வளர்ந்து உளவியலாளராகி, அதே ஆய்வை ஏற்று நடத்தினார். 1972-இல் அந்த ஆண்களுக்குச் சராசரி வயது 62. உங்கள் வாழ்க்கையில் எதிலிருந்து திருப்தி கிடைக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று வேலை, குடும்பம், நட்பு, சேவை என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். வேலையில் அவ்வளவு வெற்றி பெற்றவர்கள்தான், இருந்தும் வேலையைவிடக் குடும்ப வாழ்க்கையின் திருப்திக்கே அதிக முக்கியத்துவம் கொடுத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவிலேயே பெரிய மூளைக்காரர்கள் என்று பொறுக்கி எடுத்த ஆண்கள், நம் தெருமுனை டீக்கடையில் பேப்பர் படிக்கிற தாத்தா சொல்கிற பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ புத்திசாலி" என்று குழந்தையிடம் சொன்னால் என்ன தப்பு? பாராட்டுதானே?

டெர்மனின் பிள்ளைகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மேதைகள் பற்றிய ஆய்வில் தான் ஒருவர் என்பது எல்லாருக்கும் ஒரே வயதில் தெரியவில்லை. சிலருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது, சிலருக்கு ரொம்ப நாள் கழித்து. கரோல் ஹோலஹனும் சார்ல்ஸ் ஹோலஹனும் 1999-இல் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எண்பது வயதில் எழுதிய பதில்களைப் பார்த்தார்கள். எவ்வளவு சின்ன வயதில் தெரிந்ததோ, அந்த அளவுக்கு "என் திறமைக்கு ஏற்ற மாதிரி நான் வாழவில்லை" என்ற நினைப்பு அதிகம். மனநலமும் அந்த அளவுக்குக் குறைவு.

எழுபது வருடம்! பத்து வயதில் காதில் விழுந்த ஒரு செய்தி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் உள்ளே உட்கார்ந்து கணக்குக் கேட்கிறது.

எனக்கு இது புத்தகச் செய்தி இல்லை. நாலாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்து, "இவ மூளைக்கு இவ பெரிய டாக்டரா வருவா, எழுதி வெச்சுக்கோங்க" என்றார். நல்ல மனுஷர், அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததும் ஞாபகம் இருக்கிறது: வகுப்பில் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டேன். புத்திசாலிக்குச் சந்தேகம் வரலாமா? எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்துதல் சுத்தமாகப் புரியவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி, சிவப்பு மையில் "சரி" வாங்கி, ராத்திரி போர்வைக்குள் அழுதேன். ஒரு வருடம் அப்படிப் போனது.

1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனைகளைப் படித்தபோது என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எல்லாருக்கும் முதலில் சுலபமான புதிர்கள். முடித்ததும் சிலரிடம் "நீ ரொம்ப புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். இந்த ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அப்புறம் கஷ்டமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்துவிட்டு, மறுபடி சுலபமானதைக் கொடுத்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். எவ்வளவு மதிப்பெண் என்று வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலிக் கூட்டத்தில் 38 சதவீதம் பேர் பொய் எழுதினார்கள். மற்ற கூட்டத்தில் 13 சதவீதம்.

இதை வைத்து "மனப்பான்மையை மாற்றினால் மதிப்பெண் எகிறும்" என்று பயிற்சி வகுப்பு விற்பவர்களை நம்ப வேண்டாம். பிற்பாடு பள்ளிகளில் பெரிய அளவில் செய்து பார்த்த முயற்சிகளில் கிடைத்த பலன் சின்னதுதான். நான் இங்கே பேசுவது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. அந்தப் போர்வைக்குள் அழுகையைப் பற்றி.

வில்லியம் சிடிஸ் கதை? அவர் அதிக அறிவால்தானே நாசமானார்?

யூடியூபில் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. முதலில், அவருக்கு ஐ.க்யூ 250, 300 என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

நடந்தது இது. 1898-இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா போரிஸ் உளவியலாளர், அம்மா சாரா மருத்துவம் படித்தவர். 1909-இல், பதினொரு வயதில், ஹார்வர்டில் சேர்ந்தார். 1910 ஜனவரியில் அங்குள்ள கணித மன்றத்தில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றிப் பேசினார். அரைக்கால் சட்டை போட்ட பையன், எதிரே பேராசிரியர்கள். மறுநாள் முதல் பத்திரிகைகள் அவரை விடவில்லை. பதினாறு வயதில் பட்டம் வாங்கியபோது, தனக்குத் தனிமையான வாழ்க்கைதான் வேண்டும் என்று நிருபர்களிடமே சொன்னார். அதையும் செய்தியாக்கினார்கள். 1919-இல் பாஸ்டனில் மே தின ஊர்வலத்தில் கைதானபோது அது இன்னும் பெரிய செய்தி.

அதன் பிறகு ஊர் ஊராகப் போய், கணக்குப் போடும் இயந்திரத்தில் உட்கார்கிற சாதாரண குமாஸ்தா வேலைகள் பார்த்தார். யாராவது அடையாளம் கண்டுகொண்டால் வேலையை விட்டுவிடுவார். டிராம் வண்டிகளில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறக் கொடுக்கும் சீட்டுகளைச் சேகரித்தார். 1926-இல் அந்தச் சீட்டுகளைப் பற்றியே ஒரு முழுப் புத்தகத்தைப் புனைபெயரில் எழுதினார். 1937-இல் ஒரு பத்திரிகை அவர் தங்கியிருந்த அறை வரைக்கும் ஆளனுப்பி, அவரைத் தோற்றுப்போன மேதையாகக் காட்டி எழுதியது. வழக்குப் போட்டார். அந்தரங்க உரிமை கேட்ட அந்த வழக்கில் 1940-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். 1944-இல் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தபோது வயது 46.

இதில் அறிவு எங்கே அவரைக் கெடுத்தது? டிராம் சீட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளில் அவர் சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஒரு விஷயத்தின் மேல் உயிரையே வைக்காதவர் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத மாட்டார். நமக்குத்தான் "இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு டிராம் சீட்டா?" என்று ஆற்றாமை. அவர் கேட்டது விட்டுவிடுங்கள் என்பது ஒன்றுதான். அது கிடைக்கவில்லை.

ஐ.க்யூ அதிகமானவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்று செய்தியில் படித்தேனே?

2018-இல் வந்த ஆய்வாக இருக்கும். அமெரிக்க மென்சா உறுப்பினர்கள் 3,715 பேரிடம் கேட்டு எழுதினார்கள். மென்சா என்பது ஐ.க்யூ மிக அதிகமானவர்கள் சேரும் சங்கம். ஐ.க்யூ அதிகமான எல்லாரும் அதில் சேர்வதில்லை. சந்தா கட்டி, அப்படியொரு கூட்டத்தைத் தேடிப் போகிறவர்கள்தான் சேர்கிறார்கள். வெளியே தனியாக உணர்கிறவர்களே அதிகம் தேடிப் போவார்கள் என்று நினைக்க இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் ஆரோக்கியத்தைக் கணக்கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

2022-இல், லட்சக்கணக்கானவர்களின் உடல்நல விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிரிட்டனின் யூகே பயோபேங்க் தரவை வைத்து வந்த ஆய்வு இந்தத் தவறைத் தவிர்த்தது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த சுமார் 16,000 பேரைச் சராசரிக்காரர்களோடு ஒப்பிட்டார்கள். மனநோய்கள் அவர்களுக்கு அதிகம் இல்லை. பதற்றக் கோளாறு சற்றுக் குறைவாகவே இருந்தது. முதல் ஆய்வு செய்தித்தாள்களில் பரவிய அளவுக்கு இது பரவவில்லை.

அப்புறம் ஏன் என் பையன் எப்பவும் எதையாவது போட்டு உழப்பிக்கொண்டே இருக்கிறான்?

என்னிடம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். ஆனால் தேர்வுத்தாளை மட்டும் கடைசி வரை கொடுக்க மாட்டான். சரியாக எழுதிய விடையை அழிப்பான், அதையே திரும்ப எழுதுவான், மறுபடி அழிப்பான். ஒரு தடவை தாள் கிழிந்தே போய்விட்டது. வெளியே இருக்கிற கணக்கின் மேல் பாய வேண்டிய புத்தி, தன் மேலேயே திரும்பிவிட்டது. மனசுக்குள் ஒரே விஷயத்தை மாடு மாதிரி அசைபோடுவதைப் பற்றி சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் பல வருடம் ஆய்ந்தார். யோசிப்பதால் தீர்வு வரும் என்று அசைபோடுகிறவர்களுக்குத் தோன்றும். வருவது சோர்வு.

2010-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரின் கைபேசியில் நாளின் பல நேரங்களில் கேள்வி அனுப்பிப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனசு செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைகிற நேரங்களில் மகிழ்ச்சி குறைவு. என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைவிட, மனசு எங்கே இருக்கிறது என்பதே மகிழ்ச்சியை அதிகம் தீர்மானித்தது. இது எல்லா அறிவு நிலைக்கும் பொது.

இருப்பதில் ஆகச் சிறந்ததே வேண்டும் என்கிற குணமும் ஒரு காரணம். ஷீனா ஐயங்காரும் சகாக்களும் 2006-இல் அமெரிக்காவில் வேலை தேடும் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார்கள். எல்லா வாய்ப்பையும் துருவி ஆராய்ந்து சிறந்ததையே பிடிக்க நினைத்தவர்களுக்கு 20 சதவீதம் அதிகச் சம்பளம் கிடைத்தது. கிடைத்த வேலையில் திருப்தி மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு.

என் மகளுக்கு நண்பர்களே இல்லை. புத்திசாலிகளுக்குத் தனிமை பிடிக்குமா?

சத்தோஷி கனஸாவாவும் நார்மன் லீயும் 2016-இல் அமெரிக்க இளைஞர்கள் சுமார் 15,000 பேரின் தரவை வைத்து, அறிவு மிகுந்தவர்களுக்கு நண்பர்களை அடிக்கடி பார்ப்பது திருப்தியைக் கூட்டவில்லை என்று எழுதினார்கள். வித்தியாசம் சின்னது. அதை வைத்து ஒரு பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது. அவள் தனிமையை விரும்பி இருக்கிறாளா, நண்பர்கள் கிடைக்காமல் தனியாக இருக்கிறாளா என்று அவளிடமே கேளுங்கள்.

சரி, எந்த மாதிரி அறிவு மகிழ்ச்சியோடு சேர்ந்து போகிறது?

நாம் விவேகம் என்று சொல்கிறோமே, அது. இகோர் கிராஸ்மனின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களிடம் மனிதர்களுக்கு இடையிலான சச்சரவுகளைப் படிக்கக் கொடுத்து, இது எப்படிப் போகும் என்று பேசச் சொன்னார்கள். எனக்கு எல்லாம் தெரியாது என்ற எண்ணம் இருக்கிறதா, எதிராளியின் பக்கத்தைப் பார்க்கிறார்களா, நிலைமை மாறும் என்று தெரிகிறதா, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க வழி தேடுகிறார்களா என்று மதிப்பிட்டார்கள். இதில் நன்றாகச் செய்தவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி அதிகம், உறவுகள் நல்லபடி, உழப்பல் குறைவு. சாதாரண அறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு இவற்றோடு அந்த மாதிரித் தொடர்பு இல்லை.

இன்னொன்று. 2014-இல் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் காட்டியது: நண்பனின் பிரச்சினையில் விவேகமாக யோசிக்கிறவர்கள் தன் பிரச்சினையில் அப்படி யோசிப்பதில்லை. தன் பிரச்சினையையும் தள்ளி நின்று, வேறொருவருடையது போலப் பார்க்கச் சொன்னால் அந்த இடைவெளி போய்விடுகிறது. தாள் கிழித்த அந்தப் பையனிடம் இதைத்தான் முயன்றேன். அவன் விடைத்தாளில் இன்னொரு பெயரை எழுதி, "இதை நீ திருத்திக் கொடுடா" என்றேன். இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் சரி போட்டுக் கொடுத்தான். ஒரு இடத்திலும் அழிக்கவில்லை.

பள்ளியில் ஐ.க்யூ தேர்வு வைத்தார்கள். மதிப்பெண்ணைப் பிள்ளையிடம் சொல்லலாமா?

பத்து வயதுப் பிள்ளையிடம் வேண்டாம். அதிகமாக இருந்தாலும், குறைவாக இருந்தாலும். உதவி தேவை என்று அந்தத் தாள் சொன்னால், உதவியைக் கொடுங்கள், எண்ணைக் கொடுக்க வேண்டாம். பதினாறு, பதினேழு வயதில் அதுவாகக் கேட்டால் சொல்லுங்கள், அந்தத் தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்காது என்பதையும் சேர்த்து.

ஏற்கெனவே சொல்லிவிட்டேனே என்று போன வாரம் ஒரு அம்மா கண் கலங்கினார். பயப்பட ஒன்றும் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் மகளின் நோட்டை எடுத்து, அவள் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, "இதை எனக்குச் சொல்லிக்கொடும்மா, எங்க மாட்டிக்கிட்ட?" என்று கேளுங்கள். அவள் யோசித்துத் திணறும்போது நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.